வாசல் தாண்டிய ஒரு கை உப்பு

"மச்சான் வித்துட்டாராம்ல, வித்து. என் புருசன யாருகிட்ட, எத்தனைக்கு வித்தாருன்னு நீயே சொல்லுக்கா. பக்கத்துல நின்னு எண்ணி வாங்கினவ மாதிரியே பேசுறியே" என்றாள் மக்ரினா.

மாவு மில்லின் இரைச்சலுக்கு மேலே அவள் குரல் ஏறியது. ஊறவைத்த சோளம் நிறைந்த வாளிகளோடு வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். கேட்கப்பட்டவள் பாஸ்குவாலா. அந்தத் தெருவில் எந்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பதை மூடியைத் திறக்காமலே சொல்லக்கூடியவள்.

"நானா சொல்றேன், ஊரே சொல்லுது. உன் மச்சான் மலைக்குள்ள குடியிருக்குற மலைக்காரச் சாமியோட ஒப்பந்தம் போட்டான். தம்பியக் குடுத்துட்டு வண்டிய வாங்கினான். இப்ப வெளிய வந்தா மலைக்காரன் இவனையும் கேப்பான். அந்த பயத்துலதான் வீட்டுக்குள்ள பதுங்கிக் கெடக்கான்."

"வண்டி வந்து எத்தனையோ வருசம் கழிச்சுத்தான் இவரு செத்தாரு. மலைக்காரன் என்ன, தவணைக்கு வண்டி குடுக்குற கடையா வச்சிருக்கான்?"

வரிசையில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பாஸ்குவாலாவுக்கு அது பொறுக்கவில்லை.

"சிரிங்கடி. மூணு வருசமா அந்த வீட்டுப் பக்கமே தலைவச்சுப் படுக்காதவ இன்னைக்கு வக்காலத்துக்கு வந்துட்டா. சரி, அவ்வளவு நல்லவன்னா வெளிய வரச் சொல்லு. இந்த மில்லு வரைக்கும்கூட வேணாம். அவன் வீட்டு முத்தத்துக்கு வரட்டும். நான் என் வாய இந்த வாளியால மூடிக்கிறேன்."

மக்ரினா தன் முறை வந்ததும் சோளத்தை மில்லில் கொட்டினாள். அது ஒன்றுதான் இன்னும் நடக்கவில்லை.

ஊர் பேசுவதில் பாதி உண்மை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். மக்ரினாவின் மச்சான் செலெரினோ தன் வீட்டு வாசலைத் தாண்டவில்லை, அது நிஜம். பின்கட்டுக்குப் போவான், அங்கே காய்ந்த காப்பிக்கொட்டையைக் கிளறுவான், விறகு பிளப்பான். தெருவைப் பார்த்த வாசலுக்கு வந்தால் மட்டும் உடம்பெல்லாம் வேர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவான். மீதிப் பாதி பொய். அந்தப் பொய்யைச் சொல்கிறவர்கள் அந்த வண்டியில் ஏறாதவர்களா என்றால் அதுவும் இல்லை.

செலெரினோவுக்கு அப்பா இல்லை. மீசை முளைக்கும் முன்பே கீழ்நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனான், அங்கே லாரி ஓட்டக் கற்றான், நீல நிறத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டியோடு மலைக்குத் திரும்பினான். அதன் ஒரு கதவைக் கயிற்றால் கட்டியிருந்தான். அந்த வண்டியில்தான் ஊர்க் காப்பி சந்தைக்குப் போயிற்று. பிரசவ வலி எடுத்தவர்கள் சுகாதார நிலையத்துக்குப் போனதும் அதில்தான். தலைச்சுமையோடு வழியில் நடந்துபோகிற எந்தப் பெண்ணையும் அவன் கடந்து போனதில்லை. பாஸ்குவாலாவின் மகனுக்கு ஜன்னி கண்டு பல் கிட்டிப்போன அன்று, பாதை தெரியாத பனியில், ஹாரனை அடித்துக்கொண்டே அவனை இறக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தவன் செலெரினோதான். அவள் அதை மறந்திருக்கலாம். மறப்பது சுலபம்.

அவன் தம்பி, மக்ரினாவின் புருஷன் நபோர், வேறு மாதிரி. வேலையைவிடப் பாட்டு அதிகம். எந்நேரமும் ஆரஞ்சு உரித்துத் தின்பான், தோலை ஜன்னல் வழியே எறிவான். அந்த மலையில் ஆண்கள் பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சீழ்க்கையிலேயே பேசிக்கொள்வார்கள். அதில் நபோரை மிஞ்ச ஆள் கிடையாது. சாயங்காலம் வண்டி கடைசி வளைவில் திரும்பும்போது அவன் சீழ்க்கை மேலே ஏறி வரும்: சட்டிய ஏத்து, வந்துட்டேன். மக்ரினா சட்டியை ஏற்றுவாள்.

ஒரு காப்பி அறுவடைக் காலத்தில், பனி சாலையில் இறங்கிக் கிடந்த காலையில், நபோர் முன்னால் உட்காராமல் பின்னால் மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டான். அந்தக் கடைசி வளைவில் மழையில் ஊறியிருந்த ஓரம் உட்கார்ந்தது. வண்டி சாய்ந்து ஒரு மரத்தில் தொங்கி நின்றது. மூட்டைகள் பள்ளத்தில் விழுந்தன. நபோரும் விழுந்தான். செலெரினோவின் நெற்றியில் ஒரு சிராய்ப்பு மட்டும்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குள் போனவன் பிறகு வெளியே வரவில்லை. சுகாதார நிலையத்து டாக்டரம்மா நல்ல மனுஷி. மேடேறி வந்து பார்த்து மாத்திரை கொடுத்தாள். அதைத் தின்று ஆடாமல் அசையாமல் தூங்கினான். விழித்ததும் பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அவன் பயத்தில் உயிர் அந்த வளைவிலேயே தங்கிவிட்டது என்பது அம்மா தொமாசாவுக்குத் தெரியும். அப்படித் தங்கிய உயிரைக் கூட்டிவர அந்த மலையில் ஒரே வழிதான்.

மழைக்காலத்தில், இடி இறங்கிய ஈரத்தில் முளைக்கிற சின்னக் காளான்களை அவர்கள் காளான் என்று சொல்ல மாட்டார்கள். சின்னப் பிள்ளைகள் என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. அவற்றைத் தின்று, விவரம் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பாட, இருட்டில் விழித்திருக்க வேண்டும். பிறகு பத்தியம். அந்தப் பத்திய நாட்களில் வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்கக் கூடாது. நெருப்பு கூடாது, தண்ணீர் கூடாது, ஒரு சிட்டிகை உப்பும் கூடாது. கொடுத்தால் திரும்பி வந்ததும் கூடவே போய்விடும். எதற்காக என்று வெளியே சொல்லவும் கூடாது.

நபோர் செத்த அடுத்த மழையில் தொமாசா முதல் தடவை அதைச் செய்தாள். மகன் மட்டும் தின்றான். வளைவில் நின்று கூப்பிடுகிறேன், யாரும் திரும்பிப் பேசவில்லை என்று அழுதான். விடிந்தது. பத்தியம் தொடங்கியது. அந்த நாட்களில் ஒரு மத்தியானம் மக்ரினா வந்து வாசலில் நின்றாள்.

"அத்தை, கொஞ்சம் உப்பு குடுங்க."

உண்மையில் அவள் உப்புக்காக வரவில்லை. நெஞ்சில் ஒன்று கிடந்து அரித்தது. மச்சானிடம் சொல்லிவிட வேண்டும், அதற்கு ஒரு சாக்கு வேண்டும், கையில் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். தொமாசா இரண்டு கையாலும் நிலையைப் பிடித்து வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு இல்லம்மா."

அவள் தோளுக்குப் பின்னால் உப்புப் பானை விளிம்பு வரை நிறைந்திருந்தது மக்ரினாவின் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. வேறு எந்த வீடாக இருந்தாலும் அவளே புரிந்துகொண்டிருப்பாள், அதே மலையில் பிறந்தவள்தானே. ஆனால் புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அன்று அது பத்தியமாகத் தெரியவில்லை. செத்தவன் பெண்டாட்டிக்கு உப்புகூடக் கிடையாது என்றுதான் தெரிந்தது. திரும்பி நடந்தாள். உப்பில்லாத அவரையைத் தின்றுவிட்டு, அந்த வாசலை இனி மிதிப்பதில்லை என்று முடிவு செய்தாள். தொமாசாவோ பத்தியத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தாள். மகனைக் கூட்டிவரக்கூடிய ஒரே ஆளை அதே கையால் திருப்பி அனுப்பியது அவளுக்குத் தெரியாது.

இந்த வருஷம் மழை ஓயும் சமயத்தில்தான் அந்த ஆள் யாரென்பது கிரினா வாயிலிருந்து வந்தது. கிரினா வான்கோழி வளர்க்கிறவள். பகலெல்லாம் கோழிகளையும் மருமகள்களையும் ஒரே குரலில் திட்டிக்கொண்டிருப்பாள். இருட்டில் பாட உட்கார்ந்தால்தான் அவள் யாரென்று தெரியும்.

"உன் மகன் உயிரு அங்க ஒக்காந்திருக்கு தொமாசா. நீ கூப்பிட்டா வராது, நான் கூப்பிட்டாலும் வராது. அவன் யாரு மூஞ்சில முழிக்கப் பயப்படுறானோ அவ வந்து கூப்பிடணும். சீக்கிரம் போய்க் கேளு. இடி நின்னுட்டா சின்னப் பிள்ளைக வராது. அடுத்த மழை வரைக்கும் அவன் இருப்பானான்னு எனக்குத் தெரியல. அவன் கண்ணுல வெளிச்சம் கொறஞ்சுக்கிட்டே வருது."

தொமாசா போனாள். மக்ரினா வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினாள்.

"என்ன அத்தை, உப்பு வேணுமா?"

கிழவி தலை குனிந்தாள். "அன்னைக்குப் பத்தியம்டீ. அவனுக்காகச் செஞ்சது. வெளிய சொல்லக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டேன்."

மக்ரினா நிலையில் சாய்ந்துகொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நான் வந்தா அவரு என் மூஞ்சியப் பாப்பாரா?"

"பாக்க மாட்டான். அதுக்குத்தான் உன்னக் கூப்பிடுறேன்."

மகளைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு மக்ரினா வந்தாள். பின் அறையில் மெழுகுவர்த்தியும் பூவும் சாமிப் படங்களும் வைத்த மேசைக்கு முன் பாய் விரித்திருந்தது. செலெரினோ சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். அவள் வந்ததும் இன்னும் ஒட்டிக்கொண்டான். முடியெல்லாம் நரைத்திருந்தது. தன் புருஷனைவிட நாலைந்து வயதுதான் பெரியவர் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நம்ப முடியவில்லை.

கிரினா வந்தவுடனே, மெழுகுவர்த்தி கோணலாக நிற்கிறது என்று தொமாசாவை ஒரு பாட்டம் திட்டினாள். பிறகு வாழையிலையைப் பிரித்தாள். மண் ஒட்டியபடியே சின்னச் சின்னதாக, பழுப்பு நிறத் தலைகளோடு அவை படுத்திருந்தன. ஒவ்வொன்றையும் சாம்பிராணிப் புகையில் காட்டினாள். எப்போதும் ஜோடி ஜோடியாகத்தான் கொடுப்பது. ஒருவருக்கு ஒரு ஜோடி, அப்புறம் இன்னொரு ஜோடி. அன்று கிரினா ஜோடியைப் பிரித்தாள். ஒன்றைச் செலெரினோவின் கையில் வைத்தாள், மற்றதை மக்ரினாவின் கையில் வைத்தாள். தொமாசா பதறிப்போனாள்.

"என்ன கிரினா, பிரிக்கிற?"

"பேசாம இரு. அது பிரியாது. போற எடத்துல ஒண்ண ஒண்ணு தேடிக்கும். தேடும்போது இதுகளும் கூடவே போகும்."

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

வாயில் மண் ருசி. தகரக் கூரையில் மழை. முதலில் அவ்வளவுதான். பிறகு மக்ரினாவுக்கு அந்த மழை ஒரே சத்தமாகக் கேட்பது நின்றது. ஒவ்வொரு துளியும் தனித்தனியாக விழுந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது, அவளுக்கு அத்தனை பெயரும் தெரிந்தது. பலகைச் சுவர் மூச்சு விட்டது. கண்ணை மூடினால் அவள் சட்டையில் பின்னியிருந்த பூக்களும் பறவைகளும் எழுந்து இருட்டு முழுக்கப் பரவின, அவற்றுக்குத் தங்களுடைய வெளிச்சம் இருந்தது. பயந்தாள். பயந்த இடத்தில் கிரினாவின் பாட்டு இருந்தது. மலைகளையும் ஊற்றுகளையும் சாமிகளையும் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி, வாசலைத் தட்டுவது போலக் கைதட்டி, அனுமதி கேட்டுக்கொண்டே அது முன்னால் போயிற்று. கோழியைத் திட்டுகிற அதே தொண்டைதான். அதிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று யாராவது பகலில் சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். உலகம் இவ்வளவு பெரியதாக இருந்தும் தன்னைப் போன்ற ஒருத்தியை ஞாபகம் வைத்திருக்கிறதே என்று அவளுக்குக் கண்ணீர் வழிந்தது.

பக்கத்தில் செலெரினோ நடுங்கத் தொடங்கினான். பாய் நடுங்கியது.

"எங்கப்பா இருக்க?" கிரினா கேட்டாள்.

"வளைவுல."

"யாரு இருக்கா?"

"யாருமில்ல. கூப்பிடுறேன். யாருமே இல்ல."

"மக்ரினா, பேசு."

என்ன பேசுவதென்று அவள் யோசிக்கவில்லை. வாய் திறந்தது. மூன்று வருஷம் அரித்துக்கொண்டிருந்தது தானாக வெளியே வந்தது.

"வான்கோழிக் குஞ்சுக மச்சான். சந்தைக்குக் கூடை நெறயக் குஞ்சு குடுத்துவிட்டேன்ல. குளுருல செத்துரும், முன் சீட்டுல வைங்கன்னு நான்தான் சொன்னேன். அதுகளுக்கு எடம் விட்டுட்டுத்தான் அவரு பின்னால போனாரு. நான்தான் மச்சான் அனுப்பினேன்."

இருட்டில் அவன் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு, "இல்ல. நான்தான் சொன்னேன். பின்னால ஏறி மூட்டையப் பாத்துக்கடான்னு நான்தான் சொன்னேன்" என்றான்.

"நீங்க சொல்றதுக்கு முன்னாலயே நான் சொல்லிட்டேன்."

"உனக்குத் தெரியாது. நான்தான்."

"நான்தான் மச்சான்."

சந்தையில் ஒரே துணிக்கு இரண்டு பேர் இழுப்பது போல, அழுதுகொண்டே, விட்டுக்கொடுக்காமல் இழுத்தார்கள். தின்னாமல் காவலுக்கு உட்கார்ந்திருந்த தொமாசா, மெழுகுவர்த்தி அணைந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள், மூலையிலிருந்து சொன்னாள்.

"அவன் என்னைக்குடா உங்க ரெண்டு பேர் பேச்சையும் கேட்டான்? பால் குடி மறந்த நாள்ல இருந்து எது ஒசரமா இருக்கோ அதுமேல ஏறுவான். மூட்டை கண்டா விடுவானா? பெத்த நான் கத்திக் கத்தி ஓஞ்சு போனேன், நீங்க சொல்லித்தான் ஏறினானாக்கும்."

செலெரினோவின் தொண்டையில் ஒரு சத்தம் கிளம்பியது. அது அழுகை இல்லை என்று புரிய மக்ரினாவுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. மூன்று வருஷமாகச் சிரிக்காதவன் சிரித்தான். அவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. அவன் கை இருட்டில் துழாவி அவள் கையைப் பிடித்தது. குளிர்ந்திருந்த அந்தக் கை மெல்ல மெல்லச் சூடேறியதை அவள் உணர்ந்தாள். அப்போது அந்த அறையில் ஆரஞ்சு மணம் வந்தது. உரித்த கணத்தில் முகத்தில் தெறிக்குமே, அந்த மணம். ஆரஞ்சுக் காலம் இன்னும் வரவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

விடிந்ததும் தொமாசா சூடாகச் சோளக் கஞ்சி கொடுத்தாள். செலெரினோ கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக மக்ரினாவின் முகத்தைப் பார்த்தான்.

"பாத்தேன் புள்ள. அவனக் கூப்பிட்டேன், திரும்பிப் பாத்தான். ஒண்ணும் சொல்லல. கல்லுமேல ஒக்காந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்தான்."

மக்ரினாவின் கிண்ணம் கையிலேயே நின்றது. கேட்டால் கிரினாவும் அதற்கு விளக்கம் சொல்லவில்லை. விளக்கம் சொல்லாமல் இருக்கத் தெரிந்தவள் அவள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆரஞ்சு மணந்தது மணந்ததுதான்.

ஆனால் அன்று காலை அவன் வாசல்வரை வந்தான், நிலையில் கை வைத்தான், உள்ளே திரும்பிவிட்டான். தொமாசாவின் முகம் வாடிப்போயிற்று.

"உயிரு வந்துருச்சு. உடம்பும் வரணும்ல. அதுக்கு ஒரு வேலை குடு, சும்மா வான்னா வராது" என்று சொல்லிவிட்டுக் கிரினா தன் கோழிகளைத் திட்டப் போய்விட்டாள்.

பத்தியம் இப்போது இரண்டு வீட்டுக்கு. மக்ரினாவும் தன் வீட்டில் எதையும் கொடுக்காமல், எதையும் வாங்காமல், வாய் திறக்காமல் இருந்தாள். பத்தியம் முடிந்த காலையில்தான் சோளத்தை எடுத்துக்கொண்டு மில்லுக்கு வந்தாள். வந்த இடத்தில்தான் பாஸ்குவாலா இப்படிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, பதிலக் காணோம்? முத்தத்துக்கு வரச் சொல்லுன்னேன்" என்றாள் பாஸ்குவாலா மறுபடியும்.

"உனக்காக அவரு வர வேண்டியதில்லக்கா" என்று சொல்லிவிட்டு மக்ரினா மாவு வாளியைத் தூக்கித் தலையில் வைத்தாள். மில்லைத் தாண்டும்போதுதான் கிரினா சொன்ன வேலை என்ற வார்த்தை அவளுக்குள் திரும்பி வந்தது. தன் வீட்டுக்குத் திரும்புகிற பாதையில் திரும்பாமல் மேட்டில் ஏறினாள்.

தொமாசா வீட்டு முற்றத்தின் வேலிப்படலோடு நின்றாள். உள்ளே போகவில்லை. பனி கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது.

"அத்தை, கொஞ்சம் உப்பு குடுங்க."

உள்ளே அடுப்பில் ரொட்டி வேகும் மணம். தொமாசாவின் குரல் வந்தது. "உள்ள வந்து எடுத்துக்கடி, கை மாவா இருக்கு."

"மாட்டேன். இந்த வாசல்ல கேட்டுட்டு வெறுங்கையோட போனவ நான். என் கையில கொண்டாந்து குடுத்தாத்தான் வாங்குவேன்."

"பிடிவாதத்தப் பாரு. ரொட்டி கருகிரும்டீ."

"கருகட்டும். மச்சான் சும்மாதான ஒக்காந்திருக்காரு. அவருகிட்டக் குடுத்தனுப்புங்க."

ரொட்டி தட்டும் சத்தம் நின்றது. மக்ரினா வாளியை இறக்கி வைக்காமலே நின்றாள். கழுத்து வலித்தது.

பிறகு உப்புப் பானையின் மூடி கல்லில் உரசும் சத்தம் கேட்டது.

வாசலில் செலெரினோ நின்றான். வலது கையைக் குவித்து, அதன்மேல் இடது கையை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெற்றி வேர்த்தது. சுவரைப் பிடிக்கக் கை தேடியது. இரண்டு கையிலும் உப்பு இருந்தது. பிடிக்க வேண்டுமானால் உப்பைக் கொட்ட வேண்டும். அவன் கையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"வாங்க மச்சான். கழுத்து வலிக்குது" என்றாள்.

அவன் வாசலைத் தாண்டினான்.

முற்றத்து ஈரமண்ணில் செருப்பில்லாத கால் பதிந்தது. மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளத்தைச் சுற்றிப் போகத் தெரியாமல் அதற்குள்ளேயே இறங்கி நடந்து வந்தான். அவள் வாளியை இறக்கி வைத்துவிட்டுத் தோளில் கிடந்த துணியை விரித்தாள். அவன் கைகளைத் திறந்தான். வேர்வையில் பாதி உப்பு கரைந்து உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது. மீதியை அவள் துணியில் உதறினான்.

"கொறஞ்சிருச்சு" என்றான்.

"போதும்."

எதிர்ச் சரிவில் காப்பித் தோட்டத்திலிருந்து யாரோ சீழ்க்கை அடித்தார்கள். பனிக்குள் ஆள் தெரியவில்லை, கேள்வி மட்டும் தெளிவாக வந்தது: தொமாசா முத்தத்துல நிக்கிறது யாரு? பெண்கள் சீழ்க்கை அடிப்பதில்லை. மக்ரினா செலெரினோவைப் பார்த்தாள். தொமாசா மாவுக் கையோடு நிலையருகே வந்து நின்றாள். அவள் பின்னால் கல்லில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது.

செலெரினோ உதட்டை நனைத்துக்கொண்டான். உப்புக் கரித்திருக்க வேண்டும், முகம் சுளித்தான். முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை அவன் பெயர் முழுதாகப் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போயிற்று. அங்கிருந்து இன்னொருவர் வாங்கி மேல் சரிவுக்கு அனுப்பினார், அங்கிருந்து அடுத்தவர். ஊர் முழுக்க அது போய்க்கொண்டிருப்பதைக் கேட்டபடி அவன் அங்கேயே நின்றான், மில்லு இருக்கும் பக்கம் அது இறங்கும்வரை.